ரெட்டைக் குழந்தையா? நஞ்சுக்கொடி ஒன்றா, ரெண்டா என்று கேளுங்கள்!

'ஸ்கேன்ல ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லிட்டாங்க!'

இந்த ஒரு வார்த்தை போதும், வீடே அமளிப்படும். மாமியார் சாமி படத்துக்கு விளக்கேற்றுவார். பக்கத்து வீட்டு அத்தை, 'ஒட்டு வாழைப்பழம் சாப்பிடாதேன்னு நான் அப்பவே சொன்னேன்ல!' என்று சிரிப்பார். புருஷன்காரர் ரெண்டு தொட்டிலுக்கு எங்கே இடம் பார்ப்பது என்று யோசிப்பார். கேள்விகளும் வரிசையாக வரும். ரெண்டும் ஒரே ஜாடையா இருக்குமா? சுகப்பிரசவம் ஆகுமா? பால் பத்துமா?

எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் கேட்பதில்லை.

'டாக்டர், ரெண்டு குழந்தைக்கும் நஞ்சுக்கொடி ஒன்றா, தனித்தனியா?'

இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் அடுத்த ஆறு மாதமும் எப்படிக் கவனிக்க வேண்டும் என்பதே முடிவாகிறது. 'சித்த வைத்தியர் எதற்கு ஸ்கேன் பற்றி எழுதுகிறார்?' என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. கட்டுரையின் பின்பகுதியில் சொல்கிறேன்.

ரெட்டையில் ரெண்டு வகை

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சில சமயம் தாயின் சினைப்பையிலிருந்து ரெண்டு முட்டைகள் வெளிவந்து, ரெண்டும் தனித்தனியே கருவாகும். இவர்கள் ஒரே நாளில் பிறந்த அண்ணன் தம்பி, அக்கா தங்கை மாதிரிதான். ஒன்று ஆணாகவும் ஒன்று பெண்ணாகவும் இருக்கலாம். இவர்களுக்கு அநேகமாக எப்போதுமே ரெண்டு நஞ்சுக்கொடி. குடும்பத்தில் ரெட்டை பிறந்த வழி இருந்தாலோ, குழந்தைப்பேறு சிகிச்சை எடுத்திருந்தாலோ இந்த வகை அதிகம்.

இன்னொரு வகையில், ஒரே கரு ரெண்டாகப் பிரிகிறது. அச்சில் வார்த்த மாதிரி இருப்பவர்கள் இவர்கள்தான். உலகம் முழுக்க எந்த நாட்டை எடுத்தாலும் சுமார் 250 பிரசவத்துக்கு ஒன்று இப்படி அமைகிறது. வாழைப்பழத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கிரகணத்துக்கும் இல்லை.

அந்தக் கரு எந்த நாளில் பிரிகிறது என்பதில்தான் சூட்சுமம். முதல் 3 நாளுக்குள் பிரிந்துவிட்டால் ரெண்டு நஞ்சுக்கொடி, ரெண்டு பனிக்குடம். 4 முதல் 8 நாளுக்குள் பிரிந்தால் ஒரே நஞ்சுக்கொடி, ஆனால் ரெண்டு பனிக்குடம். இன்னும் தாமதமாக, 8 முதல் 12 நாளுக்குள் பிரிந்தால் நஞ்சுக்கொடியும் ஒன்று, பனிக்குடமும் ஒன்று. அதற்கும் பிறகு என்றால் உடல் ஒட்டிய குழந்தைகள்.

ஒரே கருவிலிருந்து வந்த ரெட்டையரில் ஏறத்தாழ மூன்றில் ரெண்டு பங்கினர் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்கிறவர்கள். அதனால் 'ரெட்டை' என்ற வார்த்தையோடு நின்றுவிடாதீர்கள்.

ஒரே கிணறு, ரெண்டு வயல்

நஞ்சுக்கொடி என்பது குழந்தைக்குச் சோறும் தண்ணீரும் மூச்சும் கொடுக்கிற உறுப்பு. தாயின் கர்ப்பப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்து சத்தையும் பிராணவாயுவையும் வாங்கி, தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்கு அனுப்புகிறது.

தனித்தனி நஞ்சுக்கொடி இருந்தால், ஆளுக்கு ஒரு கிணறு இருக்கிற மாதிரி. ஒருவர் தண்ணீர் இன்னொருவர் வயலுக்குப் போகாது. ஆனால் ஒரே நஞ்சுக்கொடி என்றால்? அண்ணன் வயலும் தம்பி வயலும் ஒரே கிணற்றில் பாய்கிற கதைதான். அதோடு ரெண்டு வயலுக்கும் நடுவில் மடைகளும் திறந்தே கிடக்கின்றன. அதாவது, ஒரு குழந்தையின் ரத்தக் குழாயும் மற்ற குழந்தையின் ரத்தக் குழாயும் நஞ்சுக்கொடிக்குள் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். ஒரே நஞ்சுக்கொடியுள்ள ரெட்டையரில் அநேகமாக எல்லோருக்குமே இந்த இணைப்பு உண்டு. ஜெர்மனியைச் சேர்ந்த பிரசவ மருத்துவர் பிரீட்ரிக் ஷாட்ஸ் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இதை ஆராய்ந்து எழுதிவிட்டார்.

பயந்துவிட வேண்டாம். அங்கிருந்து இங்கே வருவதும், இங்கிருந்து அங்கே போவதும் சமமாக இருக்கிற வரை தொந்தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் நூற்றுக்கு 10 முதல் 15 கர்ப்பங்களில் அந்தச் சமன் குலைகிறது. போக்கு அதிகம், வரவு குறைவு. ஒரு பிள்ளை ரத்தத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இன்னொன்று வாங்கிக்கொண்டே இருக்கிறது.

இதை 'ரெட்டையர் ரத்தப் பரிமாற்றக் கோளாறு' என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் சுருக்கமாக 'டி.டி.டி.எஸ்.' என்பார்கள். அநேகமாக 16-ஆவது வாரத்துக்கும் 26-ஆவது வாரத்துக்கும் இடையில், அதாவது நாலாம் மாதம் முதல் ஆறாம் மாதம் முடியும் வரை, இது தலைகாட்டும்.

பனிநீர் சொல்லும் சேதி

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலிருந்து பனிக்குடத்தில் இருக்கும் நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். இதை மனசில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரியும்.

ரத்தத்தைக் கொடுக்கிற பிள்ளைக்கு உடலில் ரத்தம் குறைகிறது. அதனால் சிறுநீரும் குறைகிறது. அதன் பனிக்குடம் வற்றுகிறது. பனிநீர் சுத்தமாக வற்றிப்போனால், ஈரத்துணியைப் போர்த்திய மாதிரி சவ்வு அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். நகர முடியாமல் ஒரு மூலையில் மாட்டிக்கொள்ளும்.

வாங்குகிற பிள்ளைக்கோ ரத்தம் மிஞ்சிப் போகிறது. அது ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. அதன் பனிக்குடம் உப்புகிறது. 'இந்தப் பிள்ளை நல்லா வளருது, அந்தச் சின்னதுதான் பாவம்' என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். அது சரியல்ல. மிஞ்சிய ரத்தத்தை இறைத்து இறைத்து அந்தப் பெரிய பிள்ளையின் இதயம் களைத்துப்போகிறது. முற்றினால் உடம்பெல்லாம் நீர் கோத்துவிடும். கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஸ்கேனில் இதை அளந்தே சொல்லிவிடலாம். ஒரு பனிக்குடத்தில் நீரின் ஆழம் 2 செ.மீ. அல்லது அதற்கும் குறைவு. இன்னொன்றில் 8 செ.மீ. அல்லது அதற்கு மேல். (20 வாரத்துக்குப் பிறகு 10 செ.மீ. என்று கணக்கு வைக்கிற டாக்டர்களும் உண்டு.) இந்த ரெண்டும் சேர்ந்து இருந்தால் நோய் உறுதி. அடுத்து, கொடுக்கிற பிள்ளையின் சிறுநீர்ப்பை தெரிகிறதா, ரத்த ஓட்டம் எப்படி, உடம்பில் நீர் கோத்திருக்கிறதா என்றெல்லாம் பார்த்து நோயை ஐந்து நிலைகளாகப் பிரிப்பார்கள். 1999-இல் குயின்டேரோ என்ற மருத்துவர் வகுத்த முறை இது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

கவனிக்காமல் விட்டால்? நோய் முற்றிய நிலையில் சிகிச்சையே இல்லாமல் போனால் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பிழைப்பதில்லை. கசப்பான உண்மைதான். ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னும் சில ஆபத்துகள்

ஒரே நஞ்சுக்கொடி என்றால் இந்த ஒரு நோய் மட்டும் அல்ல.

பங்கீட்டில் கோளாறு: நஞ்சுக்கொடியில் ஒரு பிள்ளைக்குப் பெரிய பாகம், இன்னொன்றுக்குச் சிறிய பாகம் கிடைத்துவிடலாம். சிறிய பாகம் கிடைத்த பிள்ளை வளராமல் பின்தங்கும். ரெண்டின் எடையிலும் 25 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். இதுவும் நூற்றுக்கு 10 முதல் 15 பேருக்கு வரலாம்.

மெதுவான கசிவு: சில சமயம் மயிர் போன்ற மெல்லிய குழாய்கள் வழியாக ரத்தம் சொட்டுச் சொட்டாக ஒரு பக்கமே போகும். பனிநீரில் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளைக்குச் சோகை, இன்னொன்றுக்கு ரத்தம் கெட்டியாகிவிடும். பிள்ளையின் மூளைக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை 'டாப்ளர்' ஸ்கேனில் அளந்துதான் இதைப் பிடிக்க முடியும். நெதர்லாந்தில் 1617-இல் வரைந்த ஓர் ஓவியம் இருக்கிறது. துணியில் சுற்றிய ரெட்டைக் குழந்தைகள். ஒன்று வெளிறி, இன்னொன்று சிவந்து! ரெட்டையருக்குள் ரத்தம் இடம் மாறிய கதையைத்தான் அந்த ஓவியர் தம்மையறியாமல் பதிந்துவிட்டார் என்று இந்தக் காலத்து மருத்துவர்கள் கருதுகிறார்கள்.

கொடி சிக்குதல்: பனிக்குடமும் ஒன்றே என்றால் நடுவில் தடுப்புச் சவ்வே கிடையாது. ரெண்டு தொப்புள்கொடியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். இது அபூர்வம். ஒரே கரு பிரிந்த ரெட்டையரில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான். ஆனால் மிகுந்த கண்காணிப்பு வேண்டும்.

ஒன்று போனால் மற்றதுக்கு ஆபத்து: தனித்தனி நஞ்சுக்கொடி உள்ள ரெட்டையரில் ஒன்று வயிற்றிலேயே இறந்துவிட்டால், மற்றதுக்குப் பெரும்பாலும் பாதிப்பில்லை. ஒரே நஞ்சுக்கொடி என்றால் அப்படியல்ல. உயிரோடு இருக்கும் பிள்ளையின் ரத்தம், திறந்த மடை வழியாக இறந்த பிள்ளையின் பக்கம் சரேலென்று பாய்ந்துவிடும். அதனால் நூற்றுக்கு சுமார் 15 பேருக்கு மற்ற பிள்ளையும் இறக்கிறது. பிழைத்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு மூளை பாதிக்கிறது. அதனால்தான் 'ஒன்று போனாலும் ஒன்று இருக்குல்ல' என்று காத்திருக்க முடியாது.

எப்போது கேட்பது?

11 முதல் 14 வாரத்துக்குள், அதாவது மூணாம் மாத ஸ்கேனில். இதைத் தவறவிடாதீர்கள். ஏன் தெரியுமா?

ரெண்டு நஞ்சுக்கொடி இருந்தாலும், நாளாக ஆக அவை பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்து ஒட்டிக்கொண்டு ஒன்று போலவே தெரியும். மூணாம் மாதத்தில் மட்டும் ஒரு தெளிவான அடையாளம் இருக்கும். ரெண்டு பிள்ளைக்கும் நடுவிலுள்ள சவ்வு, நஞ்சுக்கொடியைத் தொடுகிற இடத்தைப் பார்ப்பார்கள். அங்கே ஆப்பு செருகிய மாதிரி முக்கோணமாகத் தடித்து இருந்தால் நஞ்சுக்கொடி ரெண்டு. நூல் போல மெலிந்து, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி நேராக வந்து முட்டினால் நஞ்சுக்கொடி ஒன்று. மாதம் ஏற ஏற இந்த அடையாளம் மங்கிவிடும். ஏழாம் மாதத்தில் முதல் ஸ்கேன் எடுத்துவிட்டு 'ஒன்றா, ரெண்டா?' என்று கேட்டால் எந்த நிபுணராலும் உறுதியாகச் சொல்ல முடியாமல் போகலாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுத்துகளைக் கவனியுங்கள். 'டி.சி.டி.ஏ.' என்று போட்டிருந்தால் நஞ்சுக்கொடி ரெண்டு, பனிக்குடம் ரெண்டு. 'எம்.சி.டி.ஏ.' என்றால் நஞ்சுக்கொடி ஒன்று, பனிக்குடம் ரெண்டு. 'எம்.சி.எம்.ஏ.' என்றால் ரெண்டுமே ஒன்று. முதல் எழுத்து 'எம்' என்றால் உஷார். ரிப்போர்ட்டில் எதுவுமே போடவில்லையா? அந்த அறையை விட்டு வருவதற்கு முன்பே கேட்டு எழுதி வாங்குங்கள்.

இங்கே ஒரு விஷயம். சில நாடுகளில் 'ஒன்று ஆண், ஒன்று பெண்' என்று ஸ்கேனில் தெரிந்தால், நஞ்சுக்கொடி தனித்தனி என்று பெற்றோரே தெரிந்துகொள்வார்கள். நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலினத்தைச் சொல்வதும் குற்றம், கேட்பதும் குற்றம். அவசியமும் இல்லை. நஞ்சுக்கொடியைப் பற்றிக் கேட்பதற்கு எந்தச் சட்டமும் தடை போடவில்லை. அதனால் 'என்ன குழந்தை?' என்று கேட்காதீர்கள். 'என்ன கொடி?' என்று கேளுங்கள்!

ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை

நஞ்சுக்கொடி ஒன்றுதான் என்று தெரிந்துவிட்டால், 16-ஆவது வாரத்திலிருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் அவசியம். இதை 'காசு பிடுங்குற வேலை' என்று நினைக்காதீர்கள். இந்த நோய் பத்துப் பதினைந்து நாளில் தலைகீழாக மாறக்கூடியது. போன மாதம் எல்லாம் நன்றாக இருந்தது என்பதற்கு இந்த மாதம் மதிப்பில்லை. ஒவ்வொரு முறையும் ரெண்டு பனிக்குடத்தின் நீர் அளவு, ரெண்டு பிள்ளையின் சிறுநீர்ப்பை, எடை, டாப்ளர் ரத்த ஓட்டம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இதயக் குறைபாடும் இவர்களுக்குக் கொஞ்சம் அதிகம். அதனால் ஐந்தாம் மாதத்தில் இதயத்துக்கென்று தனியாக ஒரு ஸ்கேன் எடுப்பது நல்லது.

பிரசவ நாளும் மாறும். சிக்கல் எதுவும் இல்லாவிட்டாலும், ஒரே நஞ்சுக்கொடியுள்ள ரெட்டையரை 36-ஆவது வாரத்தை ஒட்டி வெளியே எடுத்துவிடுவது வழக்கம். பனிக்குடமும் ஒன்றே என்றால் 32-க்கும் 34-க்கும் இடையில், சிசேரியன் மூலம். ஜாதகம் பார்த்து நாள் குறித்துக்கொண்டு, 'அந்த நட்சத்திரம் வர்ற வரைக்கும் பொறுக்கட்டும்' என்று டாக்டரிடம் மல்லுக்கட்டாதீர்கள்.

நெருஞ்சில் குடிநீர் கொடுத்தால் வற்றாதா?

இப்போது என் துறைக்கு வருகிறேன்.

எங்கள் வைத்தியசாலைக்கு ஐந்து மாதக் கர்ப்பிணி ஒருவரை அவருடைய தாயார் அழைத்து வந்தார். 'ஐயா, ஒரு வாரமா வயிறு திடீர்னு பெருத்துப்போச்சு. மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது. நீர் கோத்திருக்கும்னு சொல்றாங்க. நெருஞ்சி முள்ளும் சிறுபீளையும் போட்டுக் கஷாயம் கொடுத்தா வற்றிடும்ல?' என்றார். பையில் மூணாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. அதில் தெளிவாக 'எம்.சி.டி.ஏ.' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு ஸ்கேன் எடுக்கவே இல்லை. கஷாயம் எதுவும் கொடுக்காமல் அன்றைக்கே நிபுணரிடம் அனுப்பிவைத்தோம். லேசர் சிகிச்சை நடந்தது. எட்டாம் மாதத்தில் பிரசவம். ரெண்டில் ஒரு பிள்ளையைத்தான் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது. ரெண்டு மாதமாக அந்த எழுத்துகள் அவர்கள் வீட்டு அலமாரியில்தான் இருந்தன. படித்து அர்த்தம் சொல்லத்தான் ஆளில்லை.

நெருஞ்சிலும் சிறுபீளையும் நல்ல மூலிகைகள். தாயின் சிறுநீரைப் பெருக்கும். ஆனால் இங்கே வயிற்றைப் பெருக்குவது தாயின் உடம்பில் கோத்த நீரல்ல. பிள்ளையின் பனிக்குடத்து நீர். கிணற்று மடையை அடைக்காமல் தெருக் குழாயை மூடினால் வயலில் வெள்ளம் வடியுமா? வடியாது. கஷாயம் குடித்துக் காத்திருக்கும் நாலைந்து நாளில், சிகிச்சைக்கான நேரம்தான் கை நழுவிப் போகும்.

திருமூலர் திருமந்திரத்தில் கர்ப்பக்கிரியை என்று ஒரு பகுதியே உண்டு. ரெட்டைக் கரு ஏன் உண்டாகிறது என்று அதிலும் பேசியிருக்கிறார். அந்தக் காலத்திலேயே கருவைப் பற்றிச் சிந்தித்தவர்கள் நம்மவர்கள். அந்தப் பெருமை நமக்கு உண்டு. ஆனால் நஞ்சுக்கொடியின் மேல் எந்தக் குழாய் எதோடு சேர்கிறது என்பதை நாடி பார்த்துச் சொல்ல முடியாது. அந்த இணைப்பை அறுக்கும் சூரணமோ லேகியமோ எங்கள் மருத்துவத்தில் கிடையாது. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அப்படியானால் சித்த மருத்துவத்துக்கு இங்கே வேலையே இல்லையா? உண்டு. வாந்திக்கு மாதுளை மணப்பாகு, சத்துக்கு நெல்லிக்காய் லேகியம், சோகைக்கு அன்னபேதிச் செந்தூரம் என்று கர்ப்ப காலத்துக்குரிய மருந்துகள் இருக்கின்றன. ரெட்டை சுமக்கும் தாய்க்குச் சோகை சீக்கிரம் வரும். ஆனால் இவற்றைப் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம், உங்கள் பிரசவ டாக்டருக்கும் தெரியப்படுத்திவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். அங்கே ஒரு இரும்புச்சத்து மாத்திரை, இங்கே ஒரு செந்தூரம் என்று ரெண்டையும் சேர்த்து விழுங்கக் கூடாது. வயிற்றை உருவிவிடுவது, விளக்கெண்ணெய் குடிப்பது, பெயர் தெரியாத பஸ்பம் சாப்பிடுவது எல்லாம் கூடவே கூடாது.

மடையை அடைக்கும் லேசர்

முன்பெல்லாம் ஊசி போட்டு அதிகப்படியான பனிநீரை வெளியே எடுப்பார்கள். தாய்க்குக் கொஞ்சம் மூச்சு விட முடியும். ஆனால் இணைப்பு அப்படியே இருப்பதால் நீர் மறுபடியும் சுரக்கும்.

1988-இல் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஜூலியன் டி லியா ஒரு புதிய முறையைச் செய்து பார்த்தார். தாயின் வயிற்றின் வழியாக, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள குழல் கேமராவைப் பனிக்குடத்துக்குள் செலுத்தி, நஞ்சுக்கொடியின் மேல் ரெண்டு பிள்ளைகளையும் இணைக்கும் குழாய்களை லேசரால் சுட்டு மூடினார். அதாவது மடையையே அடைத்துவிட்டார்! 2004-இல் ஐரோப்பாவில் நடந்த பெரிய ஆய்வில் ரெண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பிள்ளையாவது பிழைத்தது லேசரில் நூற்றுக்கு 76 பேருக்கு. நீரை மட்டும் எடுத்ததில் 56 பேருக்கு. இன்று கைதேர்ந்த மையங்களில் நூற்றுக்கு 85-க்கு மேற்பட்ட தாய்மாருக்கு ஒரு பிள்ளையாவது கிடைக்கிறது. 60-க்கு மேற்பட்டவர்களுக்கு ரெண்டுமே கிடைக்கிறது.

லேசரும் மந்திரக்கோல் அல்ல. பனிக்குடம் முன்கூட்டியே உடையலாம். குறைமாதத்தில் பிரசவம் ஆகலாம். ஒரு பிள்ளை தங்காமல் போகலாம். ஆனாலும், முற்றிய நோய்க்கு 26 வாரத்துக்குள் செய்யக்கூடிய சிறந்த சிகிச்சை இதுதான். எல்லா ஊரிலும் இது கிடையாது. சென்னை போன்ற பெருநகரங்களில் உள்ள கருநிலை மருத்துவ மையங்களில்தான் செய்கிறார்கள். அதனால் 'எம்' எழுத்தைப் பார்த்தவுடனேயே, 'தேவைப்பட்டால் எங்கே போகணும், யாரைப் பார்க்கணும்?' என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு, விலாசத்தையும் போன் நம்பரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கக்கூடிய சில கேள்விகள்

நான் ஏதாவது தப்பாகச் சாப்பிட்டதால் இப்படி ஆயிற்றா?
இல்லவே இல்லை. கரு பிரிந்த நாளில் உங்களுக்குக் கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. சாப்பாடு, நடை, வேலை, யார் கண்ணு பட்டது – எதுவும் காரணமில்லை. மருமகளைக் குறை சொல்கிற மாமியார்மார்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நிறையச் சாப்பிட்டால் சின்னப் பிள்ளை தேறிவிடுமா?
சத்தான உணவு தாய்க்கு அவசியம். கீரை, பயறு, பால், முட்டை, பழம் எல்லாம் வேண்டும். ஆனால் குறை சாப்பாட்டில் இல்லை, பங்கீட்டில் இருக்கிறது. மூணு பேருக்குச் சேர்த்துச் சாப்பிடுவதால் அந்தப் பங்கீடு மாறாது.

ஒரு பிள்ளை வயிற்றிலேயே இறந்துவிட்டால் உடனே ஆபரேஷன் செய்து மற்றதை எடுத்துவிட வேண்டுமா?
அவசரப்படக் கூடாது. பாதிப்பு ஏற்பட்டிருந்தால் அது அந்தக் கணத்திலேயே ஏற்பட்டிருக்கும். குறைமாதத்தில் எடுப்பதால் இன்னொரு ஆபத்துதான் சேரும். நிபுணர்கள் அடிக்கடி டாப்ளர் பார்த்து, சில வாரம் கழித்துப் பிள்ளையின் மூளையை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் பார்த்து முடிவு செய்வார்கள்.

குழாய்க் குழந்தை முறையில் ஒரே ஒரு கருதான் வைத்தார்கள். எங்களுக்கும் இது வருமா?
வரலாம். வைத்த ஒரு கருவே ரெண்டாகப் பிரிய வாய்ப்புண்டு. நீங்களும் மூணாம் மாதத்தில் கேட்கத்தான் வேண்டும்.

கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள்!

ஒரே நஞ்சுக்கொடியுள்ள ரெட்டையைச் சுமக்கும் தாய்க்கு, கீழே உள்ளவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் நாளுக்காகக் காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

● ஒரு சில நாளிலேயே வயிறு திடீரென்று பெருத்து, தோல் இறுகி மினுமினுத்தல்
● படுத்தால் மூச்சுத் திணறல்
● விட்டு விட்டு இடுப்புவலி, வயிறு கல்லாக இறுகுதல்
● பனிநீர் கசிதல், ரத்தம் படுதல்
● பிள்ளைகளின் அசைவு குறைதல்
● முகம், கை வீங்குதல், கடுமையான தலைவலி, கண் மங்கல் (இது தாயின் ரத்த அழுத்தத்துக்கான எச்சரிக்கை)

ஆனால் ஒன்று. இந்த அறிகுறி எதுவுமே இல்லாமல்கூட நோய் உள்ளே வளரலாம். அதனால் 'எனக்கு ஒண்ணும் பண்ணலையே' என்று ரெண்டு வார ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டாம்.

தாய்மார்களே! ஒரே நஞ்சுக்கொடியுள்ள ரெட்டையரில் பெரும்பாலானவர்கள் இந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். மிச்சமுள்ள சிலருக்குத்தான் ஆபத்து. அந்தச் சிலர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடிக்க, மூணாம் மாதத்தில் ஒரு கேள்வியும், அதன் பிறகு ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேனும் போதும். உங்கள் வீட்டிலோ, தெருவிலோ, ஆபீசிலோ யாராவது 'ரெட்டை' என்று சொன்னால், வாழ்த்துச் சொல்லிவிட்டு, 'கொடி ஒன்றா, ரெண்டா? கேட்டாச்சா?' என்று ஒரு வார்த்தை விசாரியுங்கள்.